பழைய கீசரா, புது கீசரா? விலையை பார்க்கும் முன் எர்த்தை பாருங்க!

சென்னை:-

மார்கழி பிறந்தால் விடியற்காலை குளியல் பெரும் சோதனைதான். நாலு மணிக்கு பால் பாக்கெட் போட கிளம்புகிறவர், ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுகிறவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், மூட்டுவலியோடு இருக்கும் பாட்டி... எல்லோருக்கும் சுடுதண்ணி வேண்டும். காஸ் அடுப்பில் குண்டான் வைத்து காய்ச்சி, துணியை பிடித்து பாத்ரூம் வரை தூக்கிக்கொண்டு நடப்பதற்கு பதில், ஒரு கீசர் மாட்டிவிடலாம் என்ற எண்ணம் இப்போது சின்ன வாடகை வீடுகளிலும் வந்துவிட்டது.

கடைக்குப் போய் விலை கேட்டால்தான் தலை சுற்றுகிறது. 15 லிட்டர் கீசர் சுமார் ரூ.6 ஆயிரத்தில் தொடங்கி ரூ.10 ஆயிரம் வரை போகிறது. அதே சைஸ் பழைய கீசர் ரூ.2 ஆயிரம், ரூ.2,500-க்கே கைக்கு வந்துவிடும். "தண்ணி சூடு பண்ற டப்பா தானே... புதுசா இருந்தா என்ன, பழசா இருந்தா என்ன?" என்று பலர் பழசையே தூக்கி வந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. கட்டில், பீரோ, சைக்கிள் மாதிரி அல்ல கீசர். இதில் கரண்டும் தண்ணியும் ஒரே டப்பாவுக்குள் குடியிருக்கின்றன. ஈரத்தரையில் ஈர உடம்போடு நிற்கும்போது கோளாறு வந்தால், உயிர் போக சில வினாடிகள் போதும்.

எங்கிருந்து வருகிறது?

பழைய கீசர் பெரும்பாலும் மூன்று வழியில் விற்பனைக்கு வருகிறது. இடிக்கப்படும் பழைய வீடுகள், புதுப்பிக்கப்படும் லாட்ஜ்கள் ஆகியவற்றில் இருந்து கழற்றி காயலான் கடைக்கு வருவது ஒன்று. எக்ஸ்சேஞ்ச் ஆபரில் கடைக்காரர் வாங்கிப்போட்டது இன்னொன்று. வேலை மாற்றலாகி வீட்டை காலி செய்கிறவர்கள் விற்பது மூன்றாவது.

இதில் லாட்ஜ் கீசரை தொடவே வேண்டாம். ஒரு குடும்பம் பல வருஷத்தில் ஓட்டுவதை லாட்ஜில் கொஞ்ச நாளிலேயே ஓட்டியிருப்பார்கள். வெளியே பெயிண்ட் அடித்து துடைத்து வைத்தால் பளபளவென்று இருக்கும். ஆனால் கீசர் கெடுவது வெளியே அல்ல, உள்ளே.

டப்பாவுக்குள் என்ன?

கீசருக்குள் ஒரு டேங்க், தண்ணியை சூடாக்கும் காயில், சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட், அது வேலை செய்யாவிட்டால் காப்பாற்ற ஒரு கட்-அவுட், அழுத்தம் கூடினால் தண்ணியை வெளியே விடும் சேப்டி வால்வு ஆகியவை இருக்கின்றன. பல கீசர்களில் மக்னீசியம் கம்பி ஒன்றும் இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, அந்த கம்பி தன்னையே கரைத்துக்கொள்ளும். கம்பி முழுசாக கரைந்துவிட்டால் அடுத்து டேங்க்கில் துரு பிடிக்கும்.

சென்னையின் பல ஏரியாக்களில் போர் தண்ணிதான். இந்த உப்புத்தண்ணி காய்ந்து காய்ந்து காயில் மேல் வெள்ளையாக சுண்ணாம்பு மாதிரி படியும். காயிலின் சூடு தண்ணிக்கு சரியாக இறங்காமல் காயிலே கொதித்துப்போய் ஒருநாள் அதன் மேல்கூடு வெடிப்பு விடும். அப்போது கரண்ட் நேராக தண்ணிக்குள் இறங்குகிறது. எர்த் இல்லாத வீடாக இருந்தால் குழாயை தொட்டாலே ஷாக்தான்.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. கட்-அவுட் அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்தால், அதை மாற்றாமல் இரண்டு ஒயரையும் நேராக சேர்த்து 'டைரக்ட்' கொடுத்துவிடுகிற மெக்கானிக்குகள் உண்டு. கீசர் ஓடும். ஆனால் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டால் தண்ணி கொதித்துக்கொண்டே போகும். சேப்டி வால்வும் உப்பு பிடித்து அடைத்திருந்தால் நீராவி போக வழியில்லாமல் டேங்க் வெடிக்கும். பழைய கீசரில் இப்படி யார், எப்போது கை வைத்தார்கள் என்பது வாங்குகிறவருக்கு தெரியவே தெரியாது.

ரெட் லைட்டை நம்பாதீங்க

பழைய கீசர் விற்கும் இடத்தில் பிளக்கை சொருகி, "பாருங்க சார், லைட் எரியுது. கண்டிஷன்ல இருக்கு" என்று காட்டுவது வழக்கம். லைட் எரிந்தால் கீசருக்கு கரண்ட் வருகிறது என்றுதான் அர்த்தம். காயில் நன்றாக இருக்கிறது என்றோ, டேங்க் ஒழுகாது என்றோ அர்த்தம் இல்லை.

அதைவிட மோசம், தண்ணி இல்லாமல் ஓட்டிக் காட்டுவது. காலி டேங்க்கில் ஸ்விட்ச் போட்டால் நல்ல காயிலே எரிந்துபோகும். கீசரில் தண்ணி நிரம்பி, சுடுதண்ணி குழாயில் வெளியே வந்த பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும் என்பது முதல் பாடம்.

கணக்கு போட்டு பாருங்க

பழைய கீசர் ரூ.2 ஆயிரம் என்றால் செலவு அதோடு முடிவதில்லை. புது காயில், தெர்மோஸ்டாட், வால்வு, கனெக்‌ஷன் பைப், பிளம்பர் கூலி, எலக்ட்ரீசியன் கூலி எல்லாம் சேரும். உதாரணத்துக்கு இன்னொரு ரூ.2 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ.4 ஆயிரம். இரண்டு வருஷத்தில் டேங்க் ஓட்டையானால் வருஷத்துக்கு ரூ.2 ஆயிரம் போச்சு. டேங்க் ஓட்டையானால் அதோடு தலைமுழுக வேண்டியதுதான்.

புது கீசர் ரூ.7 ஆயிரம், மாட்டுகிற கூலி ரூ.1,000 என்றால் மொத்தம் ரூ.8 ஆயிரம். எட்டு வருஷம் ஓடினால் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்தான். பல கம்பெனிகள் டேங்க்குக்கு 5 வருஷமோ அதற்கு மேலோ வாரண்டி தருகின்றன. பழசில் பில் இல்லாவிட்டால் வாரண்டி என்று வாயே திறக்க முடியாது.

மொத்தத்தில் பார்த்தால் பழசு மலிவு அல்ல. இன்றைக்கு கையில் இருக்கும் காசுக்கு மட்டும்தான் மலிவு. கையில் இருப்பதே அந்த காசுதான் என்கிறவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது.

பெரிய பழசைவிட சின்ன புதுசு

சென்னையில் 15 லிட்டர் கீசர் எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இங்கே குழாய் தண்ணி ஜில்லிட்டுப் போவதில்லை. மார்கழியிலும் தண்ணி சுமார் 25 டிகிரி இருக்கும். அதை 40 டிகிரி ஆக்கினால் குளிக்க போதும். வெறும் 15 டிகிரி சூடு ஏற்றினால் போதும்.

இதற்கு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரே போதுமானது. பெரும்பாலும் 3 கிலோவாட்டில் வரும் இந்த கீசர், இந்த அளவு சூட்டில் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 3 லிட்டர் தண்ணி தரும். ஒரு பக்கெட் நிறைய ஐந்தாறு நிமிஷம் ஆகும். புதுசே சுமார் ரூ.3 ஆயிரம் அளவில் கிடைக்கிறது. அதாவது, ரிப்பேர் செலவோடு சேர்த்த பழைய கீசரைவிட குறைவு.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 3 கிலோவாட் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். மிக்சி, டி.வி. சொருகும் சின்ன பிளக்கில் மாட்டினால் ஒயர் உருகிவிடும். 16 ஆம்பியர் பிளக்கும், அதற்கேற்ற தடிமனான ஒயரும் தனியாக இழுக்க வேண்டும்.

கரண்ட் பில் ஏறுமா?

15 லிட்டர் தண்ணியை 25 டிகிரியில் இருந்து 60 டிகிரி வரை சூடாக்க சுமார் 0.6 யூனிட் செலவாகும். 2 கிலோவாட் கீசரில் இது 20 நிமிஷ வேலை. அந்த தண்ணியை பச்சைத் தண்ணியோடு கலந்தால் இரண்டு பக்கெட் கிடைக்கும். நாலு பேர் வீட்டில் தினமும் இரண்டு தடவை சூடாக்கினால், இரண்டு மாதத்துக்கு 70 யூனிட்டுக்கு மேல் கீசருக்கே போய்விடும். தமிழ்நாட்டில் 2016-ம் ஆண்டு வீடுகளுக்கு இலவசமாக்கப்பட்டது 100 யூனிட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பங்கு என்பது புரியும்.

பழைய கீசரில் டேங்க்கை சுற்றியுள்ள பஞ்சு மாதிரியான உறை நைந்துபோயிருந்தால் சூடு நிற்காது. மறுபடி மறுபடி கரண்ட் இழுக்கும். புதுசோ பழசோ, குளிப்பதற்கு 20 நிமிஷம் முன்பு போட்டு, குளிக்கப் போகும் முன் அணைத்துவிடுவது பில்லுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

பழசுதான் வாங்குவேன் என்றால்...

தெரிந்தவர் வீட்டை காலி செய்கிறார், கீசர் வாங்கி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகிறது, பில் கையில் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இவற்றை பார்த்துவிட்டு பணம் கொடுங்க:

* சுவரில் மாட்டி ஓடும்போதே பார்க்க வேண்டும். கழற்றி மூலையில் வைத்ததை வாங்க வேண்டாம்.

* கீசரின் பெயர்ப்பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்த வருஷம், எத்தனை கிலோவாட் என்பது தெளிவாக இருக்க வேண்டும். பலகையே இல்லை என்றால் வேண்டாம்.

* முதலில் வரும் சுடுதண்ணியை வெள்ளை பாத்திரத்தில் பிடித்து பாருங்க. செம்பழுப்பு நிறமாக வந்தால் டேங்க்கில் துரு.

* கழற்றி தண்ணியை வடித்தபின் லேசாக ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரக்கூடாது. வந்தால் உப்புக்கட்டி.

* அடிப்பக்கம், காயில் நுழையும் இடத்தில் துருக்கறை, புது பெயிண்ட், எம்-சீல் பூச்சு இருந்தால் உஷார்.

* எலக்ட்ரீசியனை வைத்து கரண்ட் லீக்கேஜ் பார்க்க வேண்டும். சூடான பிறகும் பார்க்க வேண்டும். ஆறியிருக்கும்போது நல்லதாக காட்டும் காயில், சூடானதும் லீக்கேஜ் காட்டலாம்.

* சேப்டி வால்வை மட்டும் புதுசாக மாற்றிவிட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பழைய இன்ஸ்டன்ட் கீசரை மட்டும் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். புதுசுக்கும் அதற்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான்.

காஸ் கீசர் இன்னும் ஆபத்து

கரண்ட் பில்லுக்கு பயந்து பழைய காஸ் கீசரை தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். கதவை மூடிய சின்ன பாத்ரூமுக்குள் காஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். இதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, மயக்கம் வந்து விழுந்தவர் எழுந்திருக்காமலே போய்விடலாம். காஸ் கீசர் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும். பர்னர் அடைத்த பழைய காஸ் கீசரில் இந்த விஷவாயு இன்னும் அதிகமாக வரும்.

முதல் செலவு எர்த்துக்கு

பழசு வாங்கினாலும் புதுசு வாங்கினாலும் முதல் செலவு கீசருக்கு அல்ல, எர்த்துக்கு. பழைய வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும். ஆனால் மேல் ஓட்டைக்கு பின்னால் எர்த் ஒயரே போயிருக்காது. கீசர் மாட்டும் முன் எலக்ட்ரீசியனிடம் இதை சோதித்துவிட வேண்டும்.

அதோடு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற ஷாக் தடுப்பு ஸ்விட்ச் இருப்பது அவசியம். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையை நிறுத்திவிடும். அதில் இருக்கும் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்கி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரரிடம் இதை கேட்க தயங்க வேண்டாம். "கீசர் என் செலவு, எர்த் உங்க செலவு" என்று முதலிலேயே பேசிவிடலாம். வீடு மாறும்போது கீசரை கழற்றிக்கொண்டு போகலாம். எர்த் அந்த வீட்டிலேயே தங்கி, அடுத்து வருகிறவரையும் காப்பாற்றும்.

எர்த்துக்கு வழியில்லை என்றால் இந்த மார்கழிக்கும் அடுப்பில் குண்டானே போதும். கீசர் மெதுவாக வரட்டும்.