தலைக்கு எவ்வளவு? கணக்கில் ஏறும் தொண்டும் ஏறாத தொண்டும்

ஒரு நாட்டின் பொருள்நிலையை அளந்தறிய அரசுகள் பலவகைக் கணக்குகளை வைத்திருக்கின்றன. அவற்றுள் நம் குடும்பங்கள் அதிகம் கேள்விப்பட்டிராத கணக்கு ஒன்று உண்டு. ஆலயங்கள், அறநிலைய மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், அநாதை இல்லங்கள் போன்ற இலாபம் கருதா நிறுவனங்கள் ஓராண்டில் மக்களுக்காக எவ்வளவு செலவிடுகின்றன, அது தலைக்கு எவ்வளவு ஆகிறது என்பதே அக்கணக்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாணிகத் துறையைச் சேர்ந்த பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் இதனை மாநில வாரியாகக் கணக்கிட்டு, 1997 முதலான ஆண்டுகளுக்கு வெளியிட்டு வருகிறது. ஆலயங்களின் செலவும் இதில் அடங்குவதால், இதன் பொருளை நாமும் அறிந்திருப்பது நன்று.

கணக்கிடும் முறை இதுதான். இந்நிறுவனங்கள் தம் பணிகளை நடத்த ஆகும் மொத்தச் செலவை முதலில் கூட்டுகிறார்கள். அதிலிருந்து, மக்களிடம் கட்டணமாகப் பெற்ற தொகையைக் கழிக்கிறார்கள். நோயாளி செலுத்திய கட்டணம் மருத்துவச் செலவிலும், மாணவன் செலுத்திய கட்டணம் கல்விச் செலவிலும் முன்னரே சேர்ந்துவிடுவதால், அவற்றை இருமுறை எண்ணலாகாது. எஞ்சுவதை மாநிலத்தின் மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஆன தொகை கிடைக்கிறது.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். 2 கோடி மக்கள் வாழும் ஒரு மாநிலத்தில் இந்நிறுவனங்களின் செலவு 1,000 கோடி டாலர், பெற்ற கட்டணம் 800 கோடி டாலர் என்று கொள்வோம். எஞ்சும் 200 கோடியை வகுத்தால் தலைக்கு 100 டாலர். மறு ஆண்டு செலவு மாறாமல், கட்டணம் மட்டும் 900 கோடியாக உயர்ந்தால் தலைக்கு 50 டாலரே வரும். பணி சற்றும் குறையவில்லை. மருத்துவமனையின் கதவும் மூடப்படவில்லை. ஆயினும் எண் பாதியாகிவிட்டது. இதைக் கண்டு, அம்மாநிலத்தில் தொண்டு பாதியாய்க் குறைந்தது என்று ஒருவர் முடிவு செய்வாராயின் அது பிழையாகும். ஏழைகள் செலுத்த வேண்டிய கட்டணம் ஏறிற்றா என்பதையே அவர் விசாரிக்க வேண்டும்.

மக்கள்தொகையும் எண்ணை மாற்றவல்லது. 2020-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நியூயார்க் மாநிலத்தில் ஏறத்தாழ 2 கோடியே 2 இலட்சம் மக்கள் இருந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் அத்தொகை குறைந்தது. செலவு அப்படியே நிற்க, மக்கள் குறைந்தால், எவருக்கும் ஒரு கவளம் கூடுதலாகக் கிடைக்காமலே தலைக்கான தொகை உயர்ந்துவிடும்.

ஞாயிறு திருப்பலியில் ஒரு குடும்பம் இடும் காணிக்கை எங்கே போய்ச் சேருகிறது என நீங்கள் கேட்கலாம். அக்காணிக்கை கைமாறிய தொகையாக மட்டுமே கருதப்படுகிறது. அதனைக் கொண்டு ஆலயம் மின்கட்டணமும் உபதேசியாரின் ஊதியமும் கொடுக்கும்போதுதான் அது செலவாகக் கணக்கில் ஏறுகிறது. மேலும், அந்நாட்டில் ஆலயங்கள் மற்ற அறநிறுவனங்களைப் போல் வரித் துறைக்கு ஆண்டறிக்கை அனுப்பக் கடமைப்பட்டவை அல்ல. ஆகவே அவற்றின் செலவை வேறு வழிகளில்தான் மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இவை அனைத்தினும் பெரிய குறை ஒன்று உண்டு. இக்கணக்கு பணத்தை அளக்கிறதேயன்றிக் கூலியில்லா உழைப்பை அளப்பதில்லை. 1933-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று நியூயார்க் நகரில் டாரதி டே அம்மையாரும் பீட்டர் மோரினும் 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்னும் ஏட்டைத் தொடங்கினர். அதன் தொடர்ச்சியாக விருந்தோம்பல் இல்லங்கள் எழுந்தன. அங்கே பணிபுரிந்தோர் சம்பளமின்றித் தங்கி, பசித்தோருக்கு உணவளித்தனர். அத்தகைய இல்லத்தில் வாங்கும் மாவும் காய்கறியும் கணக்கில் ஏறலாம். சமைத்த கைகளுக்கு மதிப்பு பூச்சியமே. அதே பணிக்குக் கூலிக்கு ஆள் வைத்திருந்தால் எண் உயர்ந்திருக்கும். உண்டவரின் வயிறோ ஒரே அளவுதான் நிறைந்திருக்கும்.

அப்படியானால் இக்கணக்கு வீணா? இல்லை. கட்டணமின்றி மக்களைச் சென்றடையும் பணிகளுக்குப் பணமாக எவ்வளவு செலவாயிற்று என்பதை இது ஓரளவு காட்டுகிறது. ஆனால் ஒரு மாநிலத்தாரின் ஈகையையும், அங்குள்ள ஏழைகளின் தேவையையும் இவ்வொரு எண்ணைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. எண் உயர்ந்திருக்கிறது, இனி அரசின் உதவி வேண்டியதில்லை என்று எவரேனும் வாதிட்டால், அதன் பயனாக இழப்பவர் உணவுக்காக வரிசையில் நிற்பவரே.

எனவே இத்தகைய எண் நம் கண்ணில் படும்போது மூன்று கேள்விகளைக் கேட்போமாக. கட்டணம் மாறியதா? மக்கள்தொகை மாறியதா? கூலியின்றிச் செய்யப்பட்ட பணி எவ்வளவு? விடை தெரிந்த பின்னரே எண்ணைக் கொண்டு பேசுவது நேர்மையாகும்.