ஒரு பந்தியில் முடிந்த தடை

சொல் வந்த வழி – 17

‘டாபூ’ என்றதும் வாய்விட்டுப் பேசக்கூடாத சங்கதிகள்தாம் நமக்கு நினைவுக்கு வரும். அந்தச் சொல் பிறந்த ஊரில் அதைப் பேச்சைவிடச் சாப்பாட்டில்தான் அதிகம் பார்க்கலாம்.

1777இல் கேப்டன் ஜேம்ஸ் குக் தன் மூன்றாம் பயணத்தில் பசிபிக்கின் டோங்கா தீவுகளில் தங்கியிருந்தார். ஒரு நாள் நடந்துபோகையில் சில பெண்கள் இரவுச் சாப்பாட்டில் இருந்தார்கள். அவர்களில் இருவருக்கு மற்றவர்கள் ஊட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் ‘தபு’ என்று பதில் வந்தது. ஒருத்தி இரண்டு மாதம் முன்பு ஒரு தலைவரின் சடலத்தைக் குளிப்பாட்டியவளாம். 5 மாதத்துக்கு உணவைக் கையால் தொடக்கூடாது. இன்னொருத்தி கழுவியது அந்தஸ்து குறைந்தவரின் உடல். அதனால் அவளுக்குத் தடைக்காலமும் குறைவு. செத்த பிறகும் விடாத படிநிலை!

குக் இதையெல்லாம் எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1784இல் பயண நூல் அச்சேறியது. சொல்லும் ஆங்கிலத்தில் குடியேறியது.

நம் காதுக்கு இது ‘தீட்டு’ என்றே கேட்கும். பாதிதான் சரி. அங்கே தலைவரும் தபு, கோயிலும் தபு, பிணமும் தபு. புனிதமோ பயமோ, எட்ட வைக்கவேண்டிய எல்லாவற்றுக்கும் ஒரே சொல். எதிர்ச்சொல் ‘நோவா’: கட்டில்லாதது, சாதாரணமானது.

ஹவாய் மொழியில் தகரம் ககரமாகும். தபு அங்கே ‘கபு’. (உடனே நம் ‘காப்பு’தான் கப்பலேறியது என்று யாரும் கிளம்ப வேண்டாம். மூலத்தில் ககரமே கிடையாது.) ஹவாயில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்பது கபு. பன்றிக்கறியும் தேங்காயும் பெரும்பாலான வாழைப்பழ வகைகளும் பெண்களுக்குக் கபு. மீறினால் உயிரே போகலாம்.

1819 மே மாதம் மன்னர் கமேஹமேஹா இறந்தார். பட்டத்துக்கு வந்தவர் மகன் லிஹோலிஹோ. ஆட்சியில் பங்கு கேட்டு வாங்கியவர் மறைந்த மன்னரின் மனைவி காஅஹுமானு. கபுவை ஒழிக்கவேண்டும் என்று இளைஞனை நெருக்கியவரும் அவரே. லிஹோலிஹோவைப் பெற்றவர் கேஓபுஓலானி, தீவிலேயே உயர்ந்த கபு உடையவர். முன்னால் போனால் மக்கள் தரையில் விழவேண்டும். அவரே முதலில் இளைய மகனோடு அமர்ந்து சாப்பிட்டுக் காட்டினார். நவம்பரில் கைலுவாவில் விருந்து. ஆண்களுக்கு ஒரு பந்தி, பெண்களுக்கு ஒரு பந்தி. லிஹோலிஹோ பதற்றத்தோடு பந்திகளைச் சுற்றிவந்தார். சட்டென்று பெண்கள் பக்கம் உட்கார்ந்து அள்ளிச் சாப்பிட்டார். வானம் இடியவில்லை. கோயில்களை இடிக்க உத்தரவு பறந்தது. எதிர்த்துப் போரிட்ட பங்காளி கேகுஓகலானி டிசம்பரில் குஆமோஓவில் மனைவி மனோனோவோடு மாண்டார்.

கபுவை ஒழித்த பெருமையைப் பாதிரிமாருக்குக் கொடுப்பவர்கள் உண்டு. பாஸ்டனிலிருந்து அவர்கள் வந்து இறங்கியது 1820இல்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முடித்தவர்கள் அரண்மனைப் பெண்கள்.

அடுத்த வாரம்: கடலில் ஒருவர் மூழ்கி இறந்தால் அந்த நீரில் மீன்பிடிக்கத் தடைபோடும் மாவோரிகளின் ‘ராஹுயி’.