வாழ்க்கைத்துணை விசா நேர்காணல்: கொல்லிமலையில் இருந்து செல்வோருக்குச் சந்தேகங்களும் விளக்கங்களும்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் மனைவியையோ கணவரையோ அழைத்துக்கொள்ள விண்ணப்பித்ததும், ஊரில் இருப்பவருக்கு முதலில் வரும் பயம் நேர்காணல்தான். ஆங்கிலத்தில் கேட்டால் என்ன செய்வது என்ற கவலையிலேயே நாட்கள் கழிகின்றன. ஆனால் உண்மையான தயாரிப்பு அதற்கு வெகு முன்பே, சார் பதிவாளர் அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தொடங்கிவிடுகிறது. கொல்லிமலையில் மண்டபமோ அச்சடித்த பத்திரிகையோ இல்லாமல், ஊர்க்கவுண்டர் முன்னிலையில் நடந்த திருமணங்கள் உண்டு. வீட்டிலேயே பிறந்து, பிறப்பே பதிவாகாமல் வளர்ந்தவர்களும் உண்டு. இவை எதுவும் குற்றமல்ல. இந்த மலையை அறியாத ஓர் அதிகாரிக்கு இவற்றை ஆவணமாகக் காட்டத் தெரிந்துகொண்டால் போதும்.

எல்லா நாடுகளுக்கும் நேர்காணல் உண்டா?

இல்லை. அமெரிக்காவுக்குக் கட்டாயம் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு வழங்கப்படும் குடியேற்ற விசாவுக்கான நேர்காணல் மும்பை துணைத் தூதரகத்தில் நடக்கிறது. எச்1பி விசாவில் வேலை செய்பவரின் துணை எச்4 விசாவுக்குச் சென்னை அண்ணா மேம்பாலம் அருகே உள்ள துணைத் தூதரகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

பிரிட்டன் பெரும்பாலும் ஆவணங்களை வைத்தே முடிவெடுக்கிறது. அழைப்பவருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் உள்ள விதி. போகிறவர் ஏ1 நிலை ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் முடித்திருக்க வேண்டும். ஜெர்மனிக்கு ஏ1 ஜெர்மன் மொழிச் சான்று தேவை. 'ப்ளூ கார்டு' வைத்திருப்பவரின் துணை போன்ற சிலருக்கு இதில் விலக்கு உண்டு.

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இப்படி நேர்காணல் கிடையாது. கணவரின் மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹம் இருக்க வேண்டும். திருமணச் சான்றிதழில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் ஆகிய மூன்றின் சான்றொப்பமும் வேண்டும். சிங்கப்பூரில் 'வொர்க் பெர்மிட்டில்' இருப்பவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. 'எஸ் பாஸ்', 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்' வைத்திருப்பவர் 6,000 சிங்கப்பூர் டாலர் சம்பளம் வாங்கினால் முடியும். இந்த வரம்புகள் அடிக்கடி மாறும். பணம் கட்டும் முன் அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

எங்கள் திருமணம் ஊர் வழக்கப்படி நடந்தது. அதைப் பதிவு செய்ய முடியுமா?

முடியும். கொல்லிமலையில் வாழும் மலையாளி சமூகத்தினர் பட்டியல் பழங்குடியினர். இந்து திருமணச் சட்டத்தின் 2(2) பிரிவுப்படி, மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, அந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அவர்களது திருமணம் வழக்காற்றின்படியே செல்லும். இதைக் கேள்விப்பட்டுச் சிலர் பதிவே செய்ய முடியாது என்று நினைத்துவிடுகிறார்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எந்தச் சாதி, மதம், வழக்கத்தின்படி நடந்த திருமணத்துக்கும் பொருந்தும். 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் 150 நாட்கள் வரை செய்யலாம்.

அதுவும் கடந்துவிட்டால் சிறப்புத் திருமணச் சட்டம், 1954-ன் 15-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே வேறு முறையில் நடந்த திருமணத்தை அதன்கீழ் பதிவு செய்யலாம். பதிவின்போது இருவருக்கும் 21 வயது முடிந்திருக்க வேண்டும். 30 நாள் அறிவிப்புக் காலமும் உண்டு. கணவர் விடுப்பில் வரும் தேதியைக் கணக்கிட்டு முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

எனக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. பள்ளிச் சான்றிதழ் போதுமா?

அது மட்டும் போதாது. பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் உத்தேசமாகப் போட்ட தேதியே பலருக்குப் பிறந்த தேதியாக நிலைத்துவிட்டது என்பது நமக்குத் தெரியும். ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிவு செய்யக் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். செம்மேட்டில் உள்ள வட்டாட்சியர் அலுவலகத்தில் வழிமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தாமதப் பதிவுக்கு வழியில்லாதவர்கள், 'பிறப்பு பதிவாகவில்லை' என்ற சான்றையும், பள்ளிச் சான்றிதழையும், பிறப்பை அறிந்த தாய் அல்லது நெருங்கிய உறவினரின் பிரமாண வாக்குமூலத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு அட்டையிலும் பெயர் ஒரு மாதிரி இருக்கிறதே?

சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாத சிக்கல் இது. ஆதாரில் 'மல்லிகா பெ', வாக்காளர் அட்டையில் வெறும் 'மல்லிகா', பாஸ்போர்ட்டில் 'மல்லிகா பெரியசாமி' என்று இருந்தால், மூவரும் ஒருவர்தானா என்று அதிகாரி கேட்பார். இனிஷியல் நம் வழக்கம். வெளிநாட்டுப் படிவத்துக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று தேவை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முன்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று விழும். 'முன்பெயர் தெரியவில்லை' என்பது அதன் பொருள். அங்கே போய் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று எதற்குப் போனாலும் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து எழுதி, திருமணச் சான்றிதழிலும் அதே எழுத்துகளைப் பயன்படுத்துங்கள்.

முதல் திருமணத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டோம். சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் முந்தைய திருமணம் பற்றிய கேள்வி உண்டு. மறைத்தால் அது பொய்த் தகவலாகிவிடும். வழக்காற்று மணமுறிவுக்கு ஊரில் மதிப்பு இருந்தாலும், தூதரகம் எதிர்பார்ப்பது நீதிமன்றத் தீர்ப்பை. வழக்கப்படி முறிந்ததை உறுதிசெய்யும் தீர்ப்பைப் பெற, நாமக்கல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி உரிமையாகவே உண்டு. தொலைபேசி எண் 15100.

அமெரிக்க நேர்காணலுக்கு முன் என்னென்ன முடிந்திருக்க வேண்டும்?

அழைப்பவர் ஐ-130 மனு போட்டு, அது ஏற்கப்பட வேண்டும். பிறகு டிஎஸ்-260 விண்ணப்பமும், வருமானத்தைக் காட்டும் ஐ-864 உறுதிமொழியும் வேண்டும். அந்த வருமானம் அமெரிக்க வறுமை வரம்பின் 125 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் இன்னொருவர் கூட்டுப் பொறுப்பேற்கலாம். பாஸ்போர்ட் சேவா வழியாகக் காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும். தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே உடல் பரிசோதனை செய்ய வேண்டும். அத்தகைய மருத்துவர் சென்னையிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் அசலும் நகலும், தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. கிரீன் கார்டுக்காரரின் துணைக்கு வரிசைக் காத்திருப்பும் இருக்கும்.

அதிகாரி என்ன கேட்பார்? எனக்கு ஆங்கிலம் வராதே?

அவர் சோதிப்பது ஆங்கிலத்தை அல்ல. இந்தத் திருமணம் உண்மையானதா என்பதைத்தான். எப்படிச் சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தார்கள், திருமணம் எங்கே நடந்தது, கணவர் என்ன வேலை பார்க்கிறார், கடைசியாக எப்போது ஊருக்கு வந்தார், அவருடன் யார் தங்கியிருக்கிறார்கள் என்பன போன்ற கேள்விகள் வரும். தமிழில் பேச விரும்பினால், மொழிபெயர்ப்பாளர் வசதி பற்றி முன்கூட்டியே தூதரகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதில்களை மனப்பாடம் செய்யாதீர்கள். அனுப்பிய விண்ணப்பத்தின் நகலை இருவரும் தொலைபேசியில் சேர்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். தேதிகள் நினைவில் நிற்கும். பத்திரிகை அடிக்கவில்லை என்றால், 'எங்கள் ஊர் வழக்கம் இது, ஊர்க்கவுண்டர் முன்னிலையில் நடந்தது' என்று நேராகச் சொல்லுங்கள். இரு வீட்டாரும் நிற்கும் திருமணப் படங்கள், கணவர் வந்து போன விமானச் சீட்டுகள், மாதாமாதம் அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு, பேசிய அழைப்புகளின் விவரம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் கோப்பில் வையுங்கள். கணவன் மனைவிக்குள் நடக்கும் சாதாரணப் பரிமாற்றங்கள்தான் வலுவான சான்று. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்பதே சரியான பதில்.

திருமணத் தேதியைக் கொஞ்சம் மாற்றிக் காட்டலாம் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆகும் முன் நடந்த திருமணத்தை மறைப்பதற்காக இப்படிச் சொல்பவர்கள் உண்டு. போலி ஆவணமோ பொய்த் தகவலோ கண்டறியப்பட்டால், அமெரிக்கச் சட்டப்படி வாழ்நாள் முழுவதும் விசா தடை வரலாம். போலி ஆவணத்தை வாங்கித் தந்த ஏஜென்ட்டுக்கு எந்த இழப்பும் இல்லை. உங்களுக்குக் குடும்பம் பிரிந்தே கிடக்கும். இப்படிச் சிக்கல் இருப்பவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அன்றே விசா கிடைக்காவிட்டால் மறுத்துவிட்டார்கள் என்று பொருளா?

'221(ஜி)' என்று குறிப்பிட்ட தாளைக் கொடுத்தால், இன்னும் ஆவணமோ சரிபார்ப்போ தேவை என்று பொருள். அதில் கேட்டதை மட்டும், சொன்ன வழியில் அனுப்புங்கள். விசா கிடைத்து அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்காவிட்டால், இரண்டு ஆண்டுக்கான, நிபந்தனையுடன் கூடிய கிரீன் கார்டே கிடைக்கும். அது முடியும் முன்னுள்ள 90 நாட்களில் நிபந்தனையை நீக்க மனுச் செய்ய வேண்டும்.

கணவர் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியே நாட்களைக் கடத்துகிறார். யாரிடம் சொல்வது?

தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாடு வாழ் இந்தியர் திருமணப் புகார்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மகளிர் உதவி எண் 181. எந்தப் புகாருக்கும் முதலில் கேட்கப்படுவது திருமணச் சான்றிதழ். விசாவுக்கு உதவும் அதே பதிவுதான் கைவிடப்பட்ட பெண்ணுக்கும் கைகொடுக்கிறது. எனவே வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும் பெற்றோர், அவர் விமானம் ஏறும் முன்பே பதிவை முடித்து, சான்றிதழின் அசல் ஒன்றைப் பெண்ணின் கையில் கொடுத்துவிட வேண்டும்.