பிள்ளையின் வாய்க்குள் போகும் குழாய்

வவுனியாவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு நிலாவெளிக்குப் போகிறார்களாம். புறாமலைக்குப் படகில் போய், ஏழு வயது மகளுக்குக் கடலுக்குள் மீன் காட்ட வேண்டும் என்பது ஆசை. "கரையில் கால் வைத்ததுமே நாலு பேர் வந்து கூப்பிடுவார்களாம். பிள்ளையோடு போகிறவர்கள் எந்தப் படகைப் பிடிப்பது?" என்று கேட்கிறார்.

புறாமலை கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம்தான். 1963இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே ஓடுவதெல்லாம் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறிய பைபர் படகுகள். படகுக்குப் படகு பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருப்பது படகுக்காரர் உங்கள் பிள்ளையின் வாயில் வைக்கத் தரும் ஸ்நோர்கெல் குழாயில். ஆகவே அந்தக் குழாயைப் பற்றியே இன்று எழுதுகிறேன்.

வளைந்த ஒரு குழாய், கடித்துப் பிடிக்க ஒரு ரப்பர் வாய். பார்வைக்கு இவ்வளவுதான். ஆனால் அது ஏன் ஒரு முழத்துக்கும் குறைவாகவே இருக்கிறது? நீளமாகச் செய்தால் இன்னும் ஆழத்தில் கிடந்து மீன் பார்க்கலாமே!

பழைய படங்களில் கதாநாயகன் நாணல் தண்டை வாயில் வைத்துக்கொண்டு குளத்தடியில் ஒளிந்திருப்பான். நிஜத்தில் அது நடவாது. ஒரு மீற்றர் ஆழத்தில், வளிமண்டல அழுத்தத்தின் பத்திலொரு பங்கு மேலதிகமாக மார்பின்மீது ஏறிவிடும். குழாய் வழியே வருவதோ மேலேயுள்ள சாதாரணக் காற்று. அந்த மேலதிக அழுத்தம் அதற்கு இல்லை. மார்புத் தசைகள் நீரின் பாரத்தைத் தள்ளிக்கொண்டே விரிய வேண்டும். திடகாத்திரமான ஆளுக்கும் ஓரிரு மூச்சுக்கு மேல் தாங்காது.

நீளத்தில் இன்னொரு கேடும் உண்டு. எங்கள் வீட்டு முற்றத்தில் பூமரங்களுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் மத்தியான வெயிலில் கிடக்கும். பைப்பைத் திறந்தால் முதலில் வருவது அதற்குள் தேங்கிச் சுட்டுப்போன தண்ணீர்தான். அது முழுவதும் வெளியேறிய பிறகே தாங்கியின் நல்ல தண்ணீர் வரும். ஸ்நோர்கெலிலும் இதே கதை. நாம் விட்ட மூச்சின் கடைசிப் பகுதி குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். அடுத்த மூச்சை இழுக்கும்போது அந்தக் கழிவுக் காற்றுத்தான் முதலில் நுரையீரலுக்குத் திரும்பிப் போகிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். வளர்ந்த ஒருவர் அமைதியாக இழுக்கும் ஒரு மூச்சு சுமார் 500 மில்லிலீற்றர். அதில் 150 அளவு தொண்டையிலும் சுவாசக் குழாய்களிலுமே நின்றுவிடும். ஸ்நோர்கெல் குழாய் இன்னும் 200 அளவைப் பிடித்துக்கொண்டால், புதுக்காற்றாக உள்ளே சேர்வது மிச்சமுள்ள 150தான். அதனால்தான் ஸ்நோர்கெலில் ஆழமாகவும் நிதானமாகவும் மூச்சு விடச் சொல்கிறார்கள்.

இப்போது இருபது கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவளுடைய சாதாரண மூச்சே ஏறத்தாழ 150 மில்லிலீற்றர்தான். பெரியவர்களின் குழாயை அவள் வாயில் வைத்தால், தான் விட்ட காற்றையே அவள் திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருப்பாள். இரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் பயம் வரும். பயந்த பிள்ளை மேலோட்டமாகவும் வேகமாகவும் மூச்சு விடும்; அப்படி விடும் மூச்சு குழாயைத் தாண்டியே போகாது. 'பிள்ளைக்குத் தண்ணீர் பயம்' என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். பல வேளைகளில் பயப்பட வைத்தது அளவு பிழைத்த குழாய்.

ஐரோப்பியத் தரவிதி இதற்காகவே இரண்டு அளவு வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு நீளம் 38 சென்ரிமீற்றருக்கும் கொள்ளளவு 230 மில்லிலீற்றருக்கும் மேற்படக் கூடாது. உயரம் 150 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவர்களுக்கு 35 சென்ரிமீற்றர், 150 மில்லிலீற்றர். சிறுவர் குழாயிலும் பிள்ளை ஆழமாகத்தான் மூச்சிழுக்க வேண்டும். ஆனால் அது பழக்கினால் வருகிற காரியம்.

முகம் முழுவதையும் மூடும் புதுவகை முகமூடியைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள் என்பது என் கருத்து. அதற்குள் தேங்கும் காற்று அதிகம்; தண்ணீர் புகுந்தால் குழாயைப் போல வாயிலிருந்து துப்பிவிடவும் முடியாது. ஹவாயில் நடந்த ஸ்நோர்கெல் விபத்துகளை ஆராய்ந்து 2021இல் வெளியான அறிக்கை, மூச்சை இழுக்கும்போது கருவி தருகிற தடையையும் ஆபத்தான காரணங்களில் ஒன்றாகக் காட்டியது.

கடற்கரைகளில் வாடகைக் கூடைகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிகளும் குழாய்களும் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். எல்லாம் ஒரே அளவு. வாயில் வைக்கும் ரப்பர் கடிபட்டுக் கிழிந்து, வெயிலில் இறுகியிருக்கும். "சின்னப் பிள்ளைக்கு?" என்று கேட்டால் பட்டியை மட்டும் இறுக்கித் தருவார்கள். இதில் படகுக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கும் இல்லை. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கும்போது நாலு சோடி போட்டுப் பார்க்கிறோம்; மூச்சு விடும் கருவியைக் கேள்வியில்லாமல் வாங்கி மாட்டிவிடுகிறோம்.

கரையிலேயே சோதித்துப் பாருங்கள். பட்டி போடாமல் கண்ணாடியைப் பிள்ளையின் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் அளவு சரி. லைஃப் ஜாக்கெட்டின் தோள்களைப் பிடித்துத் தூக்குங்கள். அது காதுவரை ஏறினால் பெரிது. பிறகு முழங்காலளவு தண்ணீரில் முகத்தை மட்டும் அமிழ்த்தி மூச்சுவிடப் பழக்குங்கள். அங்கே முடியாத பிள்ளையைப் படகில் ஏற்ற வேண்டாம்.

ஆகஸ்டில் கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதிதான். ஆனால் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் அலையே இல்லாததுபோல் இருக்கும். மிதப்பதெல்லாம் மெல்ல மெல்ல வெளியே போகும். காற்றடைத்த வளையங்களை வீட்டில் விட்டுவிட்டு, காலையிலேயே போய், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே மிதவுங்கள். வெயிலுக்குக் கிறீம் அப்பிக்கொண்டு இறங்குவதைவிட நீளக்கை ரீ-சேர்ட் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புறாமலையின் கரையில் உடைந்த முருகைக்கல் துண்டுகள் பரந்து கிடக்கின்றன. உயிரோடு இருப்பவை தண்ணீருக்குள், ஆழமில்லாத இடத்திலேயே இருக்கின்றன. அவை கல் அல்ல. சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. உருண்டையாக வளரும் சில வகைகள் ஒரு சென்ரிமீற்றர் பருக்க ஒரு வருடம் எடுக்கும். அவற்றின்மேல் ஏறி நிற்பவர்கள் எல்லோரும் பொல்லாதவர்கள் அல்லர். மூச்சு முட்டியவர்கள் காலூன்ற இடம் தேடுகிறார்கள், காலுக்கு எட்டுவது முருகைக்கல்லாக இருக்கிறது. நன்றாக மூச்சுவிடத் தெரிந்த பிள்ளை நிற்கத் தேடாது; மிதந்தபடியே கிளிமீனையும், செட்டை நுனி கறுத்த சுறாக் குட்டியையும் பார்த்துவிட்டு வரும்.

ஆகவே அம்மா, படகுக்காரரிடம் விலை கேட்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "சிறுவர் அளவுக் குழாய் இருக்கிறதா தம்பி?" "எங்கே நிற்கக் கூடாது?" முதலாவதற்குப் பொருளை எடுத்துக் காட்டி, இரண்டாவதற்குச் சலிக்காமல் பதில் சொல்பவரின் படகில் ஏறுங்கள். நூறு இருநூறு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுங்கள். அவர் அதற்குத் தகுதியானவர்.