வைஃபைல அஞ்சு போன்தான் போடலாமா? பிளானை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வீராம்பட்டினத்துல செங்கழுநீர் அம்மன் தேர்னா வீடு முழுக்க சொந்தக்காரங்கதான். வந்ததும் வைஃபை பாஸ்வேர்ட் கேப்பாங்க. பத்து போன், ஒரு டிவி, நெட் திணறும். கம்பெனிக்கு போன் பண்ணா, "உங்க பிளான்ல அஞ்சு டிவைஸ்தான் சார், பெரிய பிளானுக்கு மாறிக்கோங்க"ன்னு பதில் வரும்.

மாறினா என்ன ஆகும்? ரூ.399 பிளான்ல இருந்து ரூ.699-க்குப் போறீங்கன்னு வைங்க. வித்தியாசம் ரூ.300, 18% ஜிஎஸ்டி சேர்த்தா ரூ.354. வருஷத்துக்கு ரூ.4,248!

நான் ஆடிட்டர், இன்ஜினியர் இல்லை. ஆனாலும் இது புரிஞ்சிக்க ஈஸிதான். கம்பெனி தர்றது பொதுவா ஒரே இணைப்பு. அதை எல்லா போனுக்கும் பிரிச்சுக் கொடுக்கிறது ரவுட்டர். எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தா, பெரும்பாலும் அவங்க கொடுத்த ரவுட்டரோட செட்டிங்லதான் இருக்கும். அது செட்டிங்கா, பிளான் விதியான்னு கேளுங்க. விதின்னா அந்த வரியை மெயில்ல அனுப்பச் சொல்லுங்க. டேட்டா வரம்பு எவ்வளவு, அது முடிஞ்சதும் வேகம் எவ்வளவுன்னு வாடிக்கையாளருக்குத் தெளிவா சொல்லணும்னு டிராய் 2016 அக்டோபர்லயே உத்தரவு போட்டிருக்கு. அதையும் சேர்த்தே கேளுங்க.

பல வீடுகள்ல உண்மையான சிக்கல் வேகம்தான். 4கே படம் ஒண்ணுக்கே சுமார் 15 எம்பிபிஎஸ் வேணும்; 30 எம்பிபிஎஸ் பிளான்ல பாதி அதுலயே போயிடும். டிவியை கேபிள்ல இணைங்க, பக்கத்துல இருக்கிற போன்களை 5 கிகாஹெர்ட்ஸ்க்கு மாத்துங்க. தேர் முடிஞ்சு எல்லாரும் ஊருக்குப் போன பிறகும் நெட் திணறினா, அப்போ பெரிய பிளானை யோசிக்கலாம்.