உங்களுக்குத் தெரியுமா? உரைத்திருத்தியிலிருந்தே புறப்படும் கடிதம்

1985-இல் வெளிவந்த குனு ஈமேக்ஸ் என்னும் உரைத்திருத்தியில் நிரல் எழுதிக்கொண்டிருப்பவர், அதைவிட்டு அகலாமலேயே, கன்ட்ரோல் விசையுடன் எக்ஸ் எழுத்தையும் அதன்பின் எம் எழுத்தையும் அழுத்தின மாத்திரத்தில், முகவரிக்கும் விஷயத் தலைப்புக்கும் இடம் விட்ட மின்னஞ்சல் பக்கம் ஒன்று அவர்முன் விரியும். எழுதி முடித்தபின் கன்ட்ரோலுடன் சி எழுத்தை இருமுறை அழுத்தினால் கடிதம் புறப்பட்டுவிடும்.

மேற்குறிப்புகளுக்கும் கடிதத்தின் உடலுக்கும் நடுவே தானாகத் தோன்றும் பிரிப்பு வரியை மட்டும் ஒருபோதும் அழித்துவிடலாகாது. ஏனெனில், அனுப்பும் சமயத்தில் அந்த ஸ்தானத்தில் அமையும் வெற்று வரியைக் கொண்டே, குறிப்பு எங்கே முடிகிறது, செய்தி எங்கே ஆரம்பமாகிறது என்பதைப் பெறும் கணினி நிர்ணயிக்கிறது. ஒரு வரி 998 குறிகளைத் தாண்டக் கூடாது, 78-க்குள் அடங்குதல் உத்தமம் என்பது 2008-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5322 என்ற மின்னஞ்சல் விதி. கையொப்பத்துக்கு மேல், இரண்டு சிறுகோடுகளும் ஓர் இடைவெளியும் மாத்திரம் கொண்ட வரியை இடுவது நெடுநாளைய சம்பிரதாயம்; பதில் எழுதும்போது அதற்குக் கீழுள்ளதைப் பல செயலிகள் தாமே நீக்கிவிடும்.

இத்தனை எளிதாகக் கடிதம் கைநழுவிப் போகக்கூடுமாதலால், பெறுநரின் முகவரியைக் கடைசியாக நிரப்புவதே விவேகம் என்பது எமது திடமான அபிப்பிராயம்.