கொடுத்த அனுமதிக்குக் கணக்குக் கேளுங்கள்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் போனைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு புகார்கள் உறுதியாக வரும். பெரியவர் ஒருவர், “காலையில நூறு ஏத்தினேன், மத்தியானம் பாத்தா பதினஞ்சுல நிக்குது” என்பார். பக்கத்தில் இருக்கும் கம்பெனி வேலைக்குப் போகிற பையன், “குரூப்ல போட்ட மெசேஜ், போனைத் திறந்தாத்தான் வருது பெரியப்பா. அதுக்குள்ள பஸ்ஸே போயிடுது” என்பான். ஒருவர் போன் தேவைக்கு மேல் ஓடுகிறது, இன்னொருவர் போன் தேவைப்படும்போது தூங்குகிறது. இரண்டையும் சரிசெய்கிற இடம் ஒன்றுதான்: செட்டிங்ஸ். டீ சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுங்கள். செட்டிங்ஸில் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனால் வழி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே.

பையனின் போனை முதலில் பார்ப்போம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட்டுக்குப் போகிறவர்களுக்கு வண்டி எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும் என்பதெல்லாம் வாட்ஸப் குரூப்பில்தான் வரும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போன் சும்மா கிடந்தால் தூங்கப் போய்விடும். இதற்கு ‘டோஸ்’ என்று பெயர். திரை அணைந்து அசையாமல் கிடக்கும்போது ஆப்கள் நெட்டைத் தொடாதபடி நிறுத்திவைத்து, நடுநடுவே கொஞ்ச நேரம் மட்டும் திறந்துவிடும். கிடக்கக் கிடக்க அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகும். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9, நீங்கள் அடிக்கடி திறக்கிற ஆப் எது, மாதத்துக்கொருமுறை தொடுகிற ஆப் எது என்று பார்த்துத் தரம் பிரிக்கவும் ஆரம்பித்தது. இது நல்ல ஏற்பாடு. அவசரம் என்று குறித்து அனுப்பப்படும் செய்திகள் இந்தத் தூக்கத்திலும் உள்ளே வந்துவிடும். வாட்ஸப் மாதிரியான ஆப்கள் அந்த வழியைத்தான் பயன்படுத்துகின்றன.

கோளாறு அதற்கு மேல் இருக்கிறது. சார்ஜ் அதிகம் நிற்க வேண்டும் என்பதற்காகப் பல கம்பெனிகள் தங்கள் பங்குக்குத் தனியாக ஒரு கெடுபிடியும் சேர்த்திருக்கின்றன. பின்னணியில் ஓடும் ஆப்பைச் சில போன்கள் முழுதாகவே நிறுத்திவிடும். அப்படி நிறுத்தப்பட்ட ஆப்புக்கு அவசரச் செய்தியும் போய்ச் சேராது, நீங்கள் கையால் திறக்கும்வரை. ‘திறந்தாத்தான் வருது’ என்பதற்குக் காரணம் இதுதான். டவர் மேல் பழி போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

வாட்ஸப் படத்தின் மேல் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். சின்னதாக ஒரு பட்டை விரியும். அதில் ‘ஆப் இன்ஃபோ’ என்றோ, வட்டத்துக்குள் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தோ தெரியும். அதைத் தொட்டு உள்ளே போய் ‘பேட்டரி’யைத் திறந்தால் மூன்று நிலைகள் இருக்கும்: அன்ரெஸ்ட்ரிக்டட், ஆப்டிமைஸ்டு, ரெஸ்ட்ரிக்டட். முதலாவது கட்டுப்பாடு இல்லாதது, இரண்டாவது போன் பார்த்துக்கொள்வது, மூன்றாவது கட்டிவைப்பது. புதிய போன்களில் ‘அலவ் பேக்ரவுண்ட் யூசேஜ்’ என்ற வரியைத் தொட்டால் இவை உள்ளே இருக்கும். வாட்ஸப்பை அன்ரெஸ்ட்ரிக்டட் ஆக்குங்கள். சாம்சங் என்றால் பேட்டரி பகுதியில் ‘ஸ்லீப்பிங் ஆப்ஸ்’, ‘டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்’ என்ற பட்டியல்களில் அது மாட்டியிருக்கிறதா என்று பார்த்து வெளியே எடுங்கள். ஷாவ்மி, ரெட்மி என்றால் ‘ஆட்டோஸ்டார்ட்’, ஓப்போ, ரியல்மி என்றால் ‘ஆட்டோ லான்ச்’ என்பதை வாட்ஸப்புக்கு இயக்கிவிடுங்கள். இந்தச் சலுகை இரண்டு மூன்று ஆப்களுக்குப் போதும். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் நீங்களும் பெரியவர் மாதிரி மத்தியானமே சார்ஜருக்கு அலைவீர்கள்.

விடியற்காலை ஷிப்ட்டுக்கு எழுகிறவர்களுக்கு இன்னொன்று: பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய அலாரம் ஆப்பை நம்ப வேண்டாம். போனோடு வந்த கடிகாரத்தில் வையுங்கள்.

இப்போது பெரியவரின் போன். நான் பார்த்த பல போன்களில் சார்ஜைத் தின்பது மூன்று: திரை வெளிச்சம், சிக்னல், சூடு. வெயிலில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்தபிறகும் அப்படியே விட்டுவிடுகிறோம். உள்ளடங்கிய கிராமங்களில் டவர் எட்டவில்லை என்றால், போன் தன் அலையைக் கூடுதல் சக்தியோடு அனுப்பிக்கொண்டும், வேறு டவர் கிடைக்குமா என்று தேடிக்கொண்டும் இருக்கும். பையில் சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்குவது இதனால்தான். சிக்னலே இல்லாத இடத்தில் மணிக்கணக்காக இருக்கப்போகிறீர்கள் என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டு வைப்பது நல்லது. சூடு இன்னும் மோசம். லித்தியம் அயன் பேட்டரியின் ஆயுளை வெப்பம் நிரந்தரமாகக் குறைத்துவிடும். டிராக்டர் மேலேயோ, வெயில் படும் ஜன்னலிலோ வைத்து சார்ஜ் ஏற்றாதீர்கள். மூன்று நான்கு வருடம் ஆன பேட்டரி என்றால் எந்த செட்டிங்ஸும் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எல்லா ஆப்களையும் மேலே தள்ளித் தள்ளி மூடுவது. தள்ளிய ஆப்பை மறுபடி திறக்கும்போது போன் அதை முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குத்தான் சார்ஜ் கூடுதலாகப் போகும். ‘பேட்டரி சேவர்’, ‘கிளீனர்’ என்று தனியாக இறக்கிய ஆப்களையும் எடுத்துவிடுங்கள். போனிலேயே அந்த வசதி இருக்கிறது. தனியாக வருபவற்றில் பெரும்பாலானவை விளம்பரம் காட்டவே இருக்கின்றன. போனைத் தொடாதபோதும் திரை முழுக்க விளம்பரம் விழுகிறதென்றால், ‘டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்’ என்ற அனுமதி யார் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பட்டியலில் கிடைக்கும்.

அனுமதிகள் என்று வந்துவிட்டால், உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை நினைக்காமல் இருக்க முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. அவை சொல்கிறபடி, முப்பது குடும்புகளில், அதாவது வார்டுகளில், குடவோலை எடுத்து ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தார்கள். பொறுப்பு 360 நாள் மட்டும், பிறகு இறங்கிவிட வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவர் உறவினர் பெயரும் குடத்தில் விழக்கூடாது. ஆப்புக்குக் கொடுக்கிற அனுமதியும் இப்படித்தான் இருக்க வேண்டும்: வேலைக்கு ஏற்றது, தவணை உள்ளது, கணக்குக் கேட்கத்தக்கது. ஆண்ட்ராய்டு இந்த இடத்துக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது. 2015-க்கு முன்பு ஆப்பை ஏற்றும்போதே எல்லாவற்றுக்கும் மொத்தமாகத் தலையாட்டியாக வேண்டும். ஆண்ட்ராய்டு 6-இல்தான் ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது. 2020-இல் ஆண்ட்ராய்டு 11 ‘இந்த ஒருமுறை மட்டும்’ என்பதைக் கொண்டுவந்தது. சில மாதம் தொடாத ஆப்பின் அனுமதிகளைத் தானே பறித்துக்கொள்ளவும் செய்தது. 2021-இன் ஆண்ட்ராய்டு 12 கணக்குப் புத்தகத்தையே கொடுத்தது: செட்டிங்ஸில் ‘பிரைவசி டேஷ்போர்டு’ திறந்தால், கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எத்தனை மணிக்கு உங்கள் இருப்பிடத்தை, கேமராவை, மைக்கைத் தொட்டது என்று வரிசையாக இருக்கும். கேமராவையோ மைக்கையோ தொடும் அந்த நேரத்தில் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளியும் எரியும்.

அதற்காக எல்லாவற்றையும் மறுக்கச் சொல்லவில்லை. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செயலியில் படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. ஒரு நாளுக்கு இரண்டு படம், இடமும் நேரமும் சேர்ந்து பதிவாக வேண்டும். அந்த மாதிரி ஆப்புக்குக் கேமராவும் இருப்பிடமும் இல்லாவிட்டால் கூலியே சிக்கலாகும். அங்கே ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதைத் தேர்ந்து, இருப்பிடத்தில் ‘பிரிசைஸ்’ என்பதையும் வையுங்கள். ‘அப்ராக்சிமேட்’ என்று வைத்தால் நீங்கள் எந்த வட்டாரத்தில் இருக்கிறீர்கள் என்பது தெரியுமே தவிர, ஏரிக்கரையில் எந்த இடம் என்று தெரியாது. டார்ச் ஆப் ஒன்று தொடர்பு எண்களைக் கேட்டால்? வேலைக்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, மறுத்துவிடுங்கள். டார்ச் எரியும்.

கடன் ஆப் கேட்டால் இன்னும் கடுமையாக மறுக்கலாம், சட்டமே உங்கள் பக்கம். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2-இல் வெளியிட்ட விதிகளின்படி, டிஜிட்டல் கடன் ஆப்கள் போனிலுள்ள கோப்புகள், படங்கள், தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல் எதையும் தொடக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம்கூட, ஆள் யாரென்று சரிபார்க்க உங்கள் சம்மதத்தோடு ஒருமுறை மட்டுமே. 2023 மே 31 முதல் பிளே ஸ்டோரும் கடன் ஆப்களுக்குப் படங்களையும் தொடர்பு எண்களையும் தடை செய்தது. தவணை தவறினால் உங்கள் அண்ணன், அத்தை, முதலாளி எல்லாருக்கும் போன் போட்டு அவமானப்படுத்துவதற்கான முதல் சாவியே அந்தத் தொடர்பு எண்கள்தான். அதைக் கேட்கிற ஆப்பில் கடன் வாங்கவே வேண்டாம்.

நான் மிகவும் கவலைப்படுவது வாட்ஸப்பில் வரும் ‘ஏபிகே’ கோப்பைப் பற்றி. ‘உங்கள் வண்டிக்கு அபராதம், விவரம் இதில்’ என்றோ, பிஎம் கிசான் பணம் என்றோ, வங்கி கேஒய்சி என்றோ வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்துகூட வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். தொட்டால் ஆப் ஏறும், ஏறியதும் எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும். கொடுத்த நிமிடத்திலிருந்து வங்கியின் ஓடிபி நீங்கள் பார்க்கும் முன்பே அடுத்தவன் கைக்குப் போய்விடும். ‘அக்சசிபிலிட்டி’ என்ற அனுமதியும் சேர்ந்தால் திரையில் இருப்பதைப் படிக்கலாம், உங்கள் விரல் இல்லாமலே பட்டனை அழுத்தலாம். பார்வை குறைந்தவர்களுக்கு உதவ ஏற்பட்ட வசதி அது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப்புக்கு இதை ஆண்ட்ராய்டு 13 எளிதில் விடுவதில்லை. அதனால்தான் மோசடிக்காரன் லைனில் இருந்தபடியே, “இத அமுக்குங்க சார், அடுத்து அத அமுக்குங்க” என்று பொறுமையாகச் சொல்லித் தருவான். போனில் இருந்தபடி செட்டிங்ஸைத் திறக்கச் சொல்கிற எவனாக இருந்தாலும் லைனைத் துண்டியுங்கள். வண்டிக்கு அபராதம் உண்மையா என்பதை அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

கதவை முன்கூட்டியே அடைத்து வைக்க வழி இருக்கிறது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’ என்று அடியுங்கள். வாட்ஸப், குரோம், பைல் மேனேஜர் என்று பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் நேரே ‘நாட் அலவ்டு’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அணையுங்கள். அணைத்த பிறகு வாட்ஸப்பில் வரும் கோப்பைக் கை தவறித் தொட்டாலும் ஆப் நேராக ஏறாது.

ஏற்கெனவே ஏறிவிட்டால் முதலில் நெட்டையும் வைஃபையையும் அணையுங்கள். அடுத்து வேறொரு போனிலிருந்து வங்கிக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் பேசுங்கள். ஆப்பை அழிப்பது அதற்குப் பிறகு. பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் சொன்னால் வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது, மறுநாள் சொன்னால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஆப்பை அழிக்கவிடாமல் போன் மறுத்தால் ‘டிவைஸ் அட்மின் ஆப்ஸ்’ பட்டியலில் அதன் பெயரை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு பேக்டரி ரீசெட்.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஊருக்கு வரும்போது அப்பா, அம்மா, பெரியம்மா போனை வாங்கி ‘அன்னோன் ஆப்ஸ்’ பட்டியலை அணைத்துவிட்டு, எஸ்எம்எஸ் அனுமதி யாரிடம் இருக்கிறது என்று அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். 1930 என்ற எண்ணை அவர்கள் போனில் பதிந்துவைத்து, வீட்டு நாள்காட்டியிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.